கேப்டன் ஆகாமல் இருப்பது எப்படி

எவால்தாஸ் கோடாரியை ஓங்கி ஒரு போடு போட்டதும், பிர்ச் கட்டை சரிபாதியாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தது. அதுதான் வினை.

"பாத்தியா அல்தோனா? ஒரே வெட்டு!" என்றார் மாமனார் ப்ரோனியுஸ், மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி. பாராட்டுக்கு அடையாளமாகக் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒருமுறை ஊதவும் செய்தார்.

மாமியார் அல்தோனா மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தி, தலையைத் தூக்கி, மூத்த மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி மீனைக் கவனிக்கப் போய்விட்டார்.

எவால்தாஸுக்குக் கோடாரியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

அந்தத் தீவுக்குப் பெயர் தொப்பி. ஏரி நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடக்கும். சுற்றி வந்தால் இருநூறு தப்படி. பதினேழு பைன் மரங்கள், ஒரு பாறை, மறைப்புக் கட்டிய ஒரு கழிப்பறைக் குழி, மீதி இடமெல்லாம் கொசு. லிதுவேனியாவில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஏரிகளில் இந்த ஏரியையும், இந்த ஏரியில் இருக்கிற ஒன்பது தீவுகளில் இந்தத் தீவையும் தேர்ந்தெடுத்து, மாமியாரின் குடும்பம் ஐம்பது வருடங்களாக ஒவ்வொரு ஜூலையிலும் கூடாரம் போட்டு வருகிறது. ஈரத் தரையில் படுத்து, ஈரச் சாக்ஸ் போட்டு, ஈர ரொட்டி தின்பதற்கு விடுமுறை என்று பெயர்.

இந்தக் குடும்பத்தில் ஒரு கேப்டன் உண்டு. தீவில் முதல் காலை வைப்பதும் கடைசிக் காலை எடுப்பதும் அவர்தான். மற்றவர்கள் நாலு நாள் வந்துவிட்டு, ஆபீஸில் கூப்பிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். கேப்டன் மட்டும் இரண்டு வாரமும் இருந்தாக வேண்டும். எழுபது வயது வரை பதவி. இடையில் ராஜினாமா கிடையாது.

இப்போதைய கேப்டன் ப்ரோனியுஸுக்கு வருகிற சனிக்கிழமை எழுபது.

பனெவெஜிஸ் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் எவால்தாஸுக்கு வயது நாற்பத்து மூன்று. எழுபதிலிருந்து நாற்பத்து மூன்றைக் கழித்துப் பார்த்தான். இருபத்தேழு கோடைக்காலம். கொலை செய்தவனுக்கே அதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள்.

அவனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரையும்போல் ஒரே ஒரு கோடையில் பலாங்காவுக்குப் போக வேண்டும். கடற்கரை ஓரமாக ஒரு விடுதி, உலர்ந்த கட்டில், குழாயைத் திருகினால் வெந்நீர். மாலையில் கையில் ஐஸ்கிரீமோடு ஆயிரம் பேரோடு முட்டி மோதிக்கொண்டு நடக்க வேண்டும். பதினேழு வருடங்களாக அவன் விடுப்பு முழுவதையும் தொப்பி விழுங்கிக்கொண்டிருக்கிறது. என்றாவது ஒரு கோடையில் சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கைதான் மிச்சம்; கேப்டன் ஆகிவிட்டால் அதுவும் போய்விடும்.

இதை மனைவி யுர்காவிடம் சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த புதிதில், இதே பாறைமேல் நின்று, "முடிஞ்சா இங்கேயே குடியிருந்துடுவேன்" என்று சொல்லித்தான் அவளைக் கட்டினான். வாய் சும்மா இருந்ததா!

அன்று சாயங்காலம் யுர்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, அப்பா உங்களைத்தான் மனசுல வெச்சிருக்கார்போல. மூத்த மாப்பிள்ளை வேற."

"ஏன், நேரியுஸ் இல்லையா? நேரியுஸுக்கு என்ன குறைச்சல்?"

"இன்னும் முடிவாகலையாம். சனிக்கிழமை வரைக்கும் ரெண்டு பேரையும் பாக்கப் போறாங்களாம்." அவள் முகமெல்லாம் பெருமை. "இன்னைக்கு விறகு வெட்டினீங்களே, அசத்திட்டீங்க!"

நேரியுஸ் என்பவன் யுர்காவின் தங்கை ராமுனேயின் கணவன். எவால்தாஸுக்குச் சகலை. கேப்டன் பதவிக்காகவே பிறந்து, வளர்ந்து, அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். கூடாரம் போடுவது, மீன் பிடிப்பது, படகு ஓட்டை அடைப்பது, பிள்ளைகள் காலில் முள் எடுப்பது எல்லாம் அவன்தான். மழை வரப்போவதை மூக்கால் முகர்ந்தே சொல்லிவிடுவான். ஒரு தீவுக்கு இதைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டான்.

எவால்தாஸ் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நாலே நாளில் நிரூபிக்க வேண்டும். ஒரு கணவனுக்கு இதில் என்ன சிரமம் என்று நினைத்தான்.

புதன்கிழமை படகில் தொடங்கினான். கரைக்குப் போய்க் கறுப்பு ரொட்டி, பீர், மாமியாருக்குக் காப்பித்தூள் எல்லாம் வாங்கி வந்தவன், படகை ஒரு வேருக்குக் கட்டினான். அதைக் கட்டு என்று சொன்னால் கயிறே சிரிக்கும். பத்து நிமிடத்தில் படகு சாமான்களோடு தனியாக உல்லாசப் பயணம் கிளம்பியது.

ப்ரோனியுஸ் நாற்காலியிலிருந்து எழாமலேயே விசிலை மூன்று முறை ஊதினார். ஆபத்துக்கு மூன்று ஊதல்.

"யாரு கட்டினது?"

"நான்தான் மாமா," என்றான் எவால்தாஸ், வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்து. "எனக்கு முடிச்சுப் போடவே வராது."

அதற்குள் நேரியுஸ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்திருந்தான். காற்று படகை நாணல் காட்டுக்குள் தள்ளியது. நீந்துகிறவனுக்குப் படகு எங்கே என்றே தெரியவில்லை. எவால்தாஸுக்கு மனம் கேட்கவில்லை. கெடுத்தது கெடுத்தோம், ஆள் மூழ்கிப் போனால் அப்புறம் கேப்டன் வேலைக்கு மிச்சம் இருப்பது யார்? பாறைமேல் ஏறிக் கத்த ஆரம்பித்தான்.

"இடது பக்கம் சகலை! இன்னும் இடது! ஐயோ, அது வலது!"

"தெரியலையே சகலை!"

"நாணலைச் சுத்தி வா! ராமுனே, நீ அந்த ரப்பர் மெத்தையை எடுத்துட்டு எதிர்ப்பக்கமாப் போ! யுர்கா, பிள்ளைகளைத் தண்ணிகிட்ட விடாதே! யாராவது துண்டை எடுத்து வைங்க!"

நாற்பது நிமிடம் கத்தினான். தொண்டை கட்டிவிட்டது. நேரியுஸ் ஒருவழியாகப் படகை இழுத்துக்கொண்டு, உதடு நீலம் பூத்துக் கரையேறினான். ரொட்டி நனைந்திருந்தது. அதாவது வழக்கம்போல் இருந்தது.

ப்ரோனியுஸ் எவால்தாஸின் தோளில் தட்டினார். "படகு போனா போவுது மாப்ளே. உங்களுக்குக் குரல் நல்லா இருக்கு."

மாமியார் வேறு, கத்தியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கோபம்தான் என்று எவால்தாஸ் தன்னையே தேற்றிக்கொண்டான்.

"கை தவறிடுச்சா, இல்ல வேணும்னே செஞ்சீங்களா?" என்று யுர்கா மெதுவாகக் கேட்டாள். "வீட்டுல பால்கனிக் கொடியை அவிழ்க்க முடியாம நான் கத்திரிக்கோலால வெட்டினேன். அந்த முடிச்சுப் போட்டது யாரு?"

"அது துணிக்கயிறு. இது படகுக்கயிறு," என்றான் எவால்தாஸ். பேச்சை அதோடு முடித்துக்கொண்டான்.

படகு போதவில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமை, மதியச் சமையலை நானே பார்க்கிறேன் என்று அவனாகவே முன்வந்தான். பெண்கள் மூவரும் கைதட்டினார்கள். பெரிய சட்டியில் மீன் சூப் கொதித்தது. நேரியுஸ் விடியற்காலையில் எழுந்து பிடித்த பெர்ச் மீன்கள், மாமியார் சுத்தம் செய்து கொடுத்தவை. எவால்தாஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டான். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மூன்றாவது கையும் போட்டான்.

முதல் கரண்டி ப்ரோனியுஸுக்குப் போனது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவால்தாஸ் ஆவலோடு காத்திருந்தான். ஒரே ஒரு கெட்ட வார்த்தை போதும், இருபத்தேழு கோடையும் மிச்சம்.

ஆனால் ராமுனே முந்திக்கொண்டு கையைக் கொட்டிச் சிரித்தாள். "சூப்புல உப்பு தூக்கிடுச்சுன்னா சமைச்சவர் காதல்ல இருக்கார்னு அர்த்தம்! அத்தான், மாட்டிக்கிட்டீங்க! யாரு அது?"

"போடி!" என்றாள் யுர்கா. பதினேழு வருடத்துக்கு அப்புறம் அவள் காது சிவந்ததை எவால்தாஸ் அன்றுதான் பார்த்தான்.

"இந்த அளவுக்கு உப்புன்னா சாதாரணக் காதல் இல்ல," என்றார் ப்ரோனியுஸ், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு. "மாப்ளே, நாங்கூட உங்களை லிஃப்ட் மாதிரி ஆளுன்னு நெனச்சேன். மேல போவார், கீழ வருவார், உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு."

சட்டி ஏரியில் கவிழ்க்கப்பட்டது. நேரியுஸ் மறுபடி தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனான். ராமுனே உருளைக்கிழங்கு தோல் சீவ, யுர்கா வெங்காயம் நறுக்க, மாமியார் புதிதாகத் தீ மூட்டினார். எவால்தாஸ் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. நிற்க இடமில்லாமல் மாமனாரின் பக்கத்தில் இருந்த மரக்கட்டையில் போய் உட்கார்ந்தான். சும்மா எவ்வளவு நேரம் உட்காருவது?

"ராமுனே, கிழங்கை இன்னும் சின்னதா நறுக்கும்மா," என்றான். சிறிது நேரம் கழித்து, "சகலை, அந்த மரத்தடியில பாரு, அங்கதான் ஆழம்," என்றான். அப்புறம், "அத்தை, தீ கொஞ்சம் தணியட்டும்," என்றான்.

புதுச் சூப் அருமையாக அமைந்துவிட்டது. "அத்தான் சொன்ன மாதிரி சின்னதா நறுக்கினதுதான் ருசி," என்றாள் ராமுனே. ஆழம் பார்த்துச் சொன்னதும் சகலைதான் என்று நேரியுஸ் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டான். மூன்று மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் அவன். எவால்தாஸுக்கு அந்தச் சூப் இறங்கவில்லை.

இரவு முழுக்க யோசித்தான். சின்னச் சின்னத் தப்புகளை இந்தக் குடும்பம் சிரித்தே ஜீரணித்துவிடுகிறது. மன்னிக்க முடியாத தப்பு ஒன்று வேண்டும். அந்தத் தீவில் புனிதமானது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ப்ரோனியுஸ் வழக்கமான ரோந்துக்குப் போனார். ரோந்து என்றால் கழிப்பறை வரை போய் வருவது. அவர் தலை மறைந்ததும் எவால்தாஸ் மடக்கு நாற்காலியை இழுத்து, கோடாரியால் நாலு போடு போட்டு, காப்பிக்கு மூட்டிய தீயில் செருகினான். முப்பத்தொரு வருடத்து மரம், நன்றாகக் காய்ந்திருந்தது. ஜோராகப் பற்றிக்கொண்டது.

"என்ன காரியம் பண்றீங்க?" என்று யுர்கா ஓடி வந்தாள்.

"விறகுன்னு நெனச்சுட்டேன்."

"துணி தெச்ச விறகா?"

ப்ரோனியுஸ் திரும்பி வந்தார். எவால்தாஸ் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடமாக நாற்காலி அதே இடத்தில் இருந்து வந்ததால், அவர் உட்காருவதற்கு முன் பார்க்கும் பழக்கமே இல்லாதவர். நேராக வந்தார், ஏரியைப் பார்த்தார், கம்பீரமாக உட்கார்ந்தார். பூமி வரை போய்த்தான் நின்றார்.

நேரியுஸ் ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினான். அவர் தீயைப் பார்த்தார். தீக்குள் இருந்த கைப்பிடியைப் பார்த்தார். எவால்தாஸைப் பார்த்தார். விசிலை ஊதக்கூட இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீவின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

எவால்தாஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கிழவரை விழவைக்க வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. ஆனால் பாவத்தோடு பாவமாக உள்ளுக்குள் ஒரு கும்மாளமும் இருந்தது. மாமனாரின் முதுகு தெளிவாகச் சொல்லிவிட்டது. பலாங்காவில் எந்தப் பக்கத்து விடுதி என்பது மட்டும்தான் பாக்கி. கடலைப் பார்த்த அறையா, வெந்நீர்த் தொட்டி வைத்த அறையா என்று அவன் அன்று முழுக்க யோசித்தான்.

நேரியுஸ் அன்று முழுக்க மரம் அறுத்தான். காற்றில் சாய்ந்து கிடந்த பைன் மரத்திலிருந்து மாமனாருக்கு ஒரு புது நாற்காலி செய்துகொண்டிருந்தான். ஆணி இல்லாமல், குச்சியால் முடுக்கி, பழையதைவிட உறுதியாக. பார்த்துக்கொண்டே நின்ற எவால்தாஸால் சும்மா இருக்க முடியவில்லை.

"கைப்பிடியை இன்னும் கொஞ்சம் அகலமா வை சகலை. கப்பு வைக்க இடம் வேணும்ல."

"நல்ல யோசனை சகலை!" என்று நேரியுஸ் வியர்வையைத் துடைத்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வருத்தப்படாதீங்க," என்றான். "நாளைக்கு எனக்கே கெடைச்சாலும், உங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். சனி, ஞாயிறு மட்டும் வந்தாப் போதும்."

எவால்தாஸ் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். தன் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு உண்மையான அன்பு அவனுக்கு வந்ததில்லை.

சனிக்கிழமை நண்பகலில் பைன் மரங்களுக்கு நடுவே விருந்து. இளஞ்சிவப்பு நிறத்தில் குளிர்ந்த பீட்ரூட் சூப், சுடச்சுட உருளைக்கிழங்கு, புகையில் வாட்டிய மீன், நடுவில் மரம் மாதிரி, முள் முள்ளாக, ஓர் ஆள் உயரத்துக்குப் பாதி நின்ற கேக். நேரியுஸ் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தான். தீவில் அந்த இரண்டு வாரத்தில் காணக் கிடைத்த ஒரே உலர்ந்த பொருள் அந்தச் சட்டைதான்.

ப்ரோனியுஸ் புது நாற்காலியிலிருந்து, இடுப்பைப் பிடித்தபடி எழுந்தார்.

"நானும் உங்க அத்தையும் பேசி முடிவு பண்ணிட்டோம்," என்றார். குரலில் அவ்வளவு உற்சாகம் இல்லை. "எனக்கு இதுல ரெண்டு அபிப்ராயம் இருந்துச்சு, குறிப்பா நேத்து நடந்ததுக்கு அப்புறம். ஆனா அத்தை பிடிச்ச பிடியில நின்னுட்டா."

கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். நேரியுஸ் ஓர் அடி முன்னே வந்து, லேசாகத் தலையைக் குனிந்து வசதி செய்து கொடுத்தான். விசில் அந்தத் தலையைத் தாண்டிப் போய், கையில் கேக்கோடு நின்ற எவால்தாஸின் கழுத்தில் விழுந்தது.

"வாழ்க கேப்டன்!" என்று ராமுனே கத்தினாள். பிள்ளைகள் நான்கும் குதித்தன. யுர்காவுக்கு ஆனந்தத்தில் கண்ணீரே வந்துவிட்டது. "பதினேழு வருஷத்துக்கு முன்னாடி சொன்னீங்களே, இங்கேயே குடியிருந்துடுவேன்னு," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரியுஸ் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போனான்.

எவால்தாஸின் கைக்கு எட்டியது அந்தப் புது நாற்காலிதான். அதில் சரிந்தான். பலாங்கா, வெந்நீர், கடலைப் பார்த்த ஜன்னல் எல்லாம் ஒவ்வொன்றாக அவனைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இருபத்தேழு ஜூலை. முதல் கால், கடைசிக் கால்.

விருந்து கலைந்ததும், தண்ணீர் ஓரமாகச் சட்டி கழுவிக்கொண்டிருந்த மாமியாரிடம் போனான். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

"அத்தை, இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு."

"என்ன தப்பு மாப்ளே?"

"படகை விட்டது நான். சூப்பைக் கெடுத்தது நான். மாமா நாற்காலியை எரிச்சது நான்."

"நல்லாத் தெரியும். பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"எல்லாத்தையும் சரி பண்ணினது நேரியுஸ். நான் ஓரமா நின்னு கத்தினேன். அதைத் தவிர ஒரு துரும்பைக் கிள்ளிப் போடலை. அவனுக்கு எல்லா வேலையும் தெரியும் அத்தை. உயிரைக் குடுத்து ஆசைப்படறான். அவனை விட்டுட்டு ஏன் என்னை?"

அல்தோனா கழுவிய சட்டியைக் கல்லின்மேல் கவிழ்த்தார். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தார். பைன் மரத்தடியில், இனி கேப்டனுக்கு என்றாகிவிட்ட புது நாற்காலி காலியாகக் கிடக்க, உட்கார இடம் தேடித் திண்டாடிக்கொண்டிருந்த கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலை தெரிஞ்ச பிள்ளையை நாற்காலியில உக்கார வெச்சுட்டா, அப்புறம் வேலையை யாரு மாப்ளே பாக்கறது? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்க மாமாவை எதுக்குக் கேப்டன் ஆக்கினார்னு நெனச்சீங்க?"